ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஒளிந்திருக்கும் லூஸ் காண்டாக்ட்

வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஓர் உதறல், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் கியர் மாறாது. இரண்டிலோ மூன்றிலோ நின்றபடி வண்டி முனகிக்கொண்டு போகும். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டப் போனால் அங்கே சமர்த்தாக இருக்கும்.

அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்பதே பாதி விடை. தேய்ந்த கிளட்ச் தகடும் கிழிந்த சீலும் சாவியைத் திருப்பியதும் குணமாகிவிடுவதில்லை. சாவியைத் திருப்பும்போது மாறுவது, கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அதாவது டிசியூ, எடுத்து வைத்திருந்த முடிவு மட்டும்தான். ஏதோ ஒரு சிக்னல் நம்பும்படி இல்லை என்று பட்டவுடன் அது சோலினாய்டுகளுக்கு, அதாவது ஆயில் வால்வுகளை நகர்த்தும் மின்காந்தச் சுருள்களுக்கு, போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாத வால்வுகள் ஸ்பிரிங் தள்ளும் இடத்தில் போய் உட்காரும். அந்த நிலையில் எந்த கியர் விழுமாறு வடிவமைத்திருக்கிறார்களோ அது விழும், ஆயில் அழுத்தமும் உச்சத்துக்கு ஏறும். லிம்ப் மோடு என்பது இவ்வளவுதான். கியர்பாக்ஸ் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, கெடாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு.

இந்த இடத்தில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஸ்கேனரில் கோடு, அதாவது பழுதுக் குறியீட்டு எண், வருகிறது, அதில் ஒரு சென்சாரின் பெயர் இருக்கிறது, சென்சாரை மாற்றுகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே கோடு. அடுத்து சோலினாய்டு, அதற்கடுத்து டிசியூ. கோடு சொல்வது ஒரு சர்க்யூட்டின் பெயரை. அந்த சர்க்யூட்டில் சென்சார் ஒரு முனை, டிசியூ மறு முனை; நடுவே சில மீட்டர் வயர், இரண்டு மூன்று கனெக்டர்கள், ஓர் எர்த் போல்ட். வந்து வந்து போகும் கோளாறுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அந்த நடுப்பகுதியைத்தான். பழுதைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் ஒரு பாகத்தையும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

கோடு எண்ணை எப்படி வாசிப்பது

வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டிக் கோடு படிக்கும் மலிவான கருவிகள் பல இன்ஜின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். அவற்றில் பி0700 என்று வந்தால், "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோடு இருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்றுதான் பொருள். ஆகவே டிசியூவையே திறந்து படிக்கும் ஸ்கேனர் தேவை. படித்ததும் அழித்துவிடாதீர்கள். கோடு பதிவான நொடியில் இருந்த வேகம், கியர், ஆயில் சூடு, பேட்டரி வோல்டேஜ் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் கிடக்கும். கோடு எண்ணைவிட அதுதான் பெறுமதி.

எண்களிலும் ஒரு நுட்பம் உண்டு. பி0753 என்றால் ஷிப்ட் சோலினாய்டு ஏ-யின் மின்சுற்றில் கோளாறு. பி0751 அதே சோலினாய்டைப் பற்றியதுதான், ஆனால் மின்சாரம் போகிறது, வேலை நடக்கவில்லை என்கிறது. அழுக்கு அடைத்த வால்வோ மோசமான ஆயிலோ காரணமாக இருக்கலாம். பி0717 என்றால் கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் வேகத்தைச் சொல்லும் இன்புட் வேக சென்சாரிலிருந்து சிக்னலே இல்லை, பி0718 என்றால் விட்டுவிட்டு வருகிறது. பி0730 வரிசை கியர் விகிதம் தவறு என்கிறது. கிளட்ச் உண்மையிலேயே வழுக்கினாலும் வரும், வேக சென்சார் பொய் சொன்னாலும் வரும்.

தொடர்பே இல்லாத நான்கைந்து கோடுகள் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். நான்கு பாகங்கள் ஒரே நொடியில் சாவதில்லை. அவை பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்று, அதாவது பவர் சப்ளை, எர்த், சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட், இல்லையென்றால் ஒரே கனெக்டர், ஆட்டம் காண்கிறது. ஒரு சென்சாருக்குள் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் சரிந்து மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழும். அப்போது சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் எழுந்து நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

முதலில் பேட்டரியும் எர்த்தும்

அலுப்பான வேலை, அதனாலேயே எல்லோரும் தாண்டிப் போவது. நிறுத்தி வைத்த வண்டியில் முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை. புது வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும், அதைக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கோடு விழுகிறது என்றால் பழைய பேட்டரிதான் பெரும்பாலும் காரணம்: ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்த ஒரு கணத்தில் டிசியூ பட்டினி கிடந்து ரீசெட் ஆகிறது.

எர்த்தை ஓம் வைத்து அளப்பதில் பயனில்லை. மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சொற்பம். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் அதற்கு நல்ல வயராகவே தெரியும். சுமை ஏற்றி அளக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் துருவத்திலும் மறு முனையை கியர்பாக்ஸ் உடலின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3-ஐத் தாண்டினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப முறுக்குங்கள். அதே அளவை டிசியூ பிளக்கின் எர்த் பின்னிலும் எடுங்கள். அங்கேயும் 0.1-ஐத் தாண்டக் கூடாது.

பழுதை வரவழைப்பது

வந்து போகும் கோளாறுக்கு மூன்று தூண்டுகோல்கள்: சூடு, அதிர்வு, ஈரம். எப்போது வருகிறது என்பதை ஓட்டுகிறவரிடமிருந்து துருவித் துருவிக் கேட்டு வாங்கினால் தேடும் பரப்பு பாதியாகச் சுருங்கும். அரை மணி ஓடிச் சூடேறிய பிறகு மட்டும் என்றால் சோலினாய்டு சுருள், சென்சார் சுருள், டிசியூவுக்குள் விரிசல் விட்ட ஈயப் பற்று. மேடு பள்ளத்தில் என்றால் கனெக்டர். அழுத்தி மிதிக்கும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் என்றால் இன்ஜின் மவுண்ட் தளர்ந்து இன்ஜின் சாய்கிறதா, அதோடு சேர்ந்து ஹார்னெஸ், அதாவது வயர்க் கட்டு, இழுபடுகிறதா என்று பாருங்கள். மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ அடுத்த நாள் என்றால் கியர் லீவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் ரேஞ்ச் சுவிட்சில் நீர் புகுந்திருக்கலாம்; அது பல வண்டிகளில் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வெட்டவெளியில் இருக்கிறது. டிசியூவைக் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டுக்கு அடியில் வைத்த வண்டிகளும் உண்டு. அவற்றில் ஏசி வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் நேராக டிசியூவுக்குத்தான் போகும். கார்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைப் பிழிந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது லைவ் டேட்டா, அதாவது வண்டி ஓடும்போதே ஸ்கேனரில் வந்துகொண்டிருக்கும் எண்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது தற்கொலை. இன்புட் வேகம், அவுட்புட் வேகம், கேட்ட கியர், ஆயில் சூடு, டிசியூ வோல்டேஜ் ஆகிய ஐந்தையும் வரைபடமாக ஓடவிடுங்கள். அதிகமாக எடுத்தால் ஸ்கேனர் ஒவ்வொன்றையும் மெதுவாகப் படிக்கும், நொடிப்பொழுது வெட்டு தவறிவிடும். நீங்கள் தேடுவது இதைத்தான்: இன்புட் வேகம் 2400-ல் சீராகப் போய்க்கொண்டிருக்கும், ஒரு புள்ளியில் 0, அடுத்த புள்ளியில் மீண்டும் 2400. ஓடும் வண்டியில் எந்தத் தண்டும் அப்படி நின்று மறுபடி சுழல முடியாது. அது வயரில் விழுந்த வெட்டு. கிளட்ச் வழுக்கினால் வரைபடத்தின் கோடு சரிவாக ஏறும் அல்லது இறங்கும், செங்குத்தாக விழாது. அவுட்புட் வேகம் 0 காட்டும் அதே நேரத்தில் ஏபிஎஸ் சக்கர வேகம் 60 கிலோமீட்டர் என்று காட்டினால் இன்னும் உறுதி.

நிற்கும் வண்டியில் ஆட்டிப் பார்ப்பதும் பலன் தரும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், லைவ் டேட்டா திரையில். டிசியூவில் தொடங்கி கியர்பாக்ஸ் வரை ஹார்னெஸை ஒரு சாண் ஒரு சாணாக மெல்ல வளையுங்கள், கனெக்டரைத் தட்டுங்கள், வயர் உள்ளே நுழையும் இடத்தில் இழுத்துப் பாருங்கள். கியர் லீவர் டி-யில் இருக்கும்போது டேஷ்போர்டில் எழுத்து மறைந்து மறைந்து வந்தால் ரேஞ்ச் சுவிட்ச் பக்கம் திரும்புங்கள். சந்தேகப்படும் இடத்தில் ஹேர் ட்ரையரால் சூடு காட்டலாம், தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் தூவலாம், சர்க்யூட் போர்டு வேலைக்கு விற்கும் ஃப்ரீஸ் ஸ்ப்ரேயால் குளிர்விக்கலாம். ஒரு சமயத்தில் ஒன்றுதான். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துவிட்டு எது வேலை செய்தது என்று குழம்புவதில் அர்த்தமில்லை.

மீட்டரைக் கையில் எடுத்தால்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, டிசியூ பிளக்கை எடுத்துவிட்டு, அந்தப் பிளக்கின் பின்களிலிருந்தே சோலினாய்டுகளை அளக்க வேண்டும். அப்போதுதான் வயர், கனெக்டர், சுருள் மூன்றும் சேர்ந்து கணக்கில் வரும். ஆன்-ஆஃப் வகை சோலினாய்டு பெரும்பாலும் 10 முதல் 30 ஓம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகை 3 முதல் 7 ஓம். உங்கள் வண்டிக்குரிய சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மீட்டர் முனைகள் இரண்டையும் தொட வைத்து வரும் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு கியர்பாக்ஸ் பிளக்கிலேயே நேரடியாக அளந்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் அரை ஓமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இதைக் குளிர்ந்த வண்டியில் மட்டும் செய்தால் வேலை அரைகுறை. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 5 ஓம் இருந்த சுருள் 100 டிகிரியில் 6.5 ஓம் காட்டுவது இயல்புதான். ஓட்டி வந்து சூடு ஆறுவதற்குள் அளக்கும்போது ஒன்று மட்டும் 20 ஓமுக்குத் தாவினாலோ, மீட்டரில் எண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினாலோ அதுதான் ஆள். சோலினாய்டு பின் எதுவும் கியர்பாக்ஸ் உடலோடு தொடர்பு காட்டக் கூடாது என்பதையும் சூட்டிலேயே சரிபாருங்கள். எர்த்தை உடலிலிருந்தே எடுக்கும் ஒற்றை வயர் சோலினாய்டுகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

வயர் மேல் சந்தேகம் என்றால் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, 5 ஆம்பியர் பியூஸ் வழியாக ஒரு முனையில் பேட்டரி பாசிட்டிவைக் கொடுத்து, மறு முனையில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி எர்த் செய்யுங்கள். பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். அரை சதுர மில்லிமீட்டர் வயர் 3 மீட்டர் நீளத்துக்கு நன்றாக இருந்தால் அதன் இரு முனைகளுக்கும் இடையே விழுவது ஏறக்குறைய 0.2 வோல்ட்தான். பல்பு மங்கினாலோ, வயரை வளைக்கும்போது சிமிட்டினாலோ சந்தேகத்துக்கே இடமில்லை. டிசியூ இணைந்திருக்கும் நிலையில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். வயரின் தோலைக் குத்தி அளப்பதும் வேண்டாம். அந்த ஊசித் துளையில் புகும் ஈரம் ஒரு வருடம் கழித்துப் பச்சைக் களிம்பாக வந்து நிற்கும். கனெக்டரின் பின்பக்கம் வயரை ஒட்டி நுழையும் மெல்லிய முனைகள் விற்கின்றன.

யு0101 என்ற கோடு டிசியூவோடு பேச்சு அறுந்ததைச் சொல்வது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது கேன் என்ற வயர் ஜோடி வழியாக. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த ஜோடி வந்து சேரும் ஓபிடி சாக்கெட்டின் 6-வது, 14-வது பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். இரு கோடியிலும் உள்ள 120 ஓம்கள் இணையாக நிற்பதால் இந்தக் கணக்கு. 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. தகவலை வாங்கிப் பிரித்து அனுப்பும் கேட்வே கம்ப்யூட்டர் நடுவில் நிற்கும் வண்டிகளில் இந்த எண் வராது, அங்கே வயரிங் வரைபடம்தான் துணை.

கனெக்டருக்குள்

பெரும்பாலான வழக்குகள் முடிகிற இடம் இது. பிளக்கைப் பிரித்து நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். தகரப் பூச்சுள்ள பின்னில் பளபளப்பான கோட்டுக்கு நடுவே கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால், அதிர்வில் இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று நுண்ணளவில் உரசி உரசி ஆக்ஸைடு சேர்ந்த இடம் அது. பிளக்கைக் கழற்றி மாட்டும்போது அந்தப் புள்ளி உரசி விலகுவதால் கோளாறு கொஞ்ச நாள் மறைந்துவிடும். "சென்சாரை மாற்றினேன், இரண்டு மாதம் நன்றாக ஓடியது" என்று சொல்கிறவர்கள் உண்மையில் பிளக்கைத்தான் பழுது பார்த்திருக்கிறார்கள். அடுத்து பிடிமானம்: அதே அளவுள்ள தனி ஆண் பின் ஒன்றை ஒவ்வொரு பெண் டெர்மினலிலும் நுழைத்து இழுங்கள். மற்றவை கவ்விப் பிடிக்கும்போது ஒன்று மட்டும் வழுக்கி வந்தால் அந்த டெர்மினலை மாற்ற வேண்டும். குண்டூசியால் நெம்பி நெருக்குவது தற்காலிக வேலை.

பிளக்கில் ஆயில் இருந்தால் கதை வேறு. மெர்சிடீஸின் 722.6 என்ற ஐந்து கியர் பெட்டி இதற்குப் பேர்போனது. 1990-களின் நடுவில் வந்து பல மாடல்களில் உட்கார்ந்தது. அதன் 13 பின் பிளக் நுழையும் பிளாஸ்டிக் குழலின் ஓ-ரிங்குகள் இறுகிப்போனதும் ஆயில் பிளக்குக்குள் கசியும். அங்கேயே நிற்காது. செம்பு இழைகளின் இடுக்கு வழியாக, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, ஹார்னெஸில் ஏறி டிசியூ வரை போய்விடும். தரையில் ஒரு சொட்டும் இருக்காது, டிசியூ பிளக்கைக் கழற்றினால் சிவப்பாக வழியும். அந்தக் குழலும் ஓ-ரிங்குகளும் சில்லறைச் செலவு. அதைப் பார்க்காமல் டிசியூவை மாற்றியவர்களுக்குப் புது டிசியூவிலும் ஆயில் ஏறும். செய்முறை சிக்கலில்லை. வண்டி ஆறியதும் ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, பிளக்கின் பூட்டு வளையத்தைத் திருப்பி உருவி, குழலின் உள்ளேயிருக்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்றினால் குழல் வெளியே வரும். கொஞ்சம் ஆயில் கொட்டும், அளவு பார்த்துத் திரும்ப ஊற்ற வேண்டும். இரு முனைப் பிளக்குகளையும் எலக்ட்ரிகல் காண்டாக்ட் கிளீனரால் கழுவுங்கள். பிரேக் கிளீனர் ரப்பரையும் சில பிளாஸ்டிக்குகளையும் தின்றுவிடும். ஹார்னெஸுக்குள் தங்கிய ஆயில் ஒரே நாளில் வெளியேறாது. டிசியூ பக்க முனையைக் கீழே தொங்கவிட்டுத் துணி சுற்றி ஓரிரு நாள் வடியவிடுங்கள், சில வாரம் கழித்து மறுபடி திறந்து துடையுங்கள்.

அறுந்த வயரை இணைக்கும்போது சரியான கிரிம்ப் இணைப்பும் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் போதும். இன்ஜின் அறையில் வெறும் ஈயம் வைத்து ஒட்டினால் அது இழைகளுக்குள் ஊறி வயரை விறைக்க வைக்கும். விறைப்பு முடியும் விளிம்பில் அதிர்வு வயரை ஒடிக்கும். பல வயர்களை இணைக்க வேண்டியிருந்தால் இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் தள்ளித் தள்ளி வையுங்கள். முறுக்கி வரும் கேன் ஜோடியைத் தேவைக்கு மேல் பிரிக்காமல் பழைய முறுக்கிலேயே விடுங்கள்.

டிசியூவைத் திறக்கலாமா

வெளியே எல்லாம் நன்றாக இருக்கிறது, சப்ளையும் எர்த்தும் கச்சிதம், சூடு காட்டினால் மட்டும் கோளாறு வருகிறது என்ற நிலையில்தான் திறக்கலாம். உடலில் தங்கிய நிலைமின்சாரத்தை இறக்க மணிக்கட்டுப் பட்டை அணியுங்கள். பச்சை நிற சர்க்யூட் போர்டு தெரிந்தால் நம்பிக்கை உண்டு. கனெக்டர் பின்கள், ரிலே, பெரிய டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் கால்களைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். நல்ல ஈயப் பற்று காலைச் சுற்றி வழவழப்பாகச் சரிந்திருக்கும். விரிசல் விட்டதில் காலைச் சுற்றி முடி அளவு மெல்லிய கறுப்பு வளையம் ஓடும், ஒரு குச்சியால் அழுத்தினால் கால் அசையும். ஃப்ளக்ஸ் தடவி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, 63/37 (63 பங்கு தகரம், 37 பங்கு ஈயம்) பற்றுக் கம்பியால் 340 டிகிரி அளவில் புதிதாக ஊற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சுரண்டிய பாதுகாப்புப் பூச்சை மீண்டும் பூசுங்கள்.

திறந்ததும் வெண்ணிற செராமிக் தகடும் அதன்மேல் ஒளி ஊடுருவும் ஜெல்லும் தெரிந்தால் மூடிவிடுங்கள். ஜெல்லுக்கு அடியில் முடியைவிட நுண்ணிய அலுமினிய இழைகள் ஓடுகின்றன. வீட்டு சால்டரிங் கருவிக்கு அங்கே வேலையில்லை. கியர்பாக்ஸுக்குள்ளேயே ஆயிலில் மூழ்கியிருக்கும், டிசியூவும் வால்வுகளும் ஒன்றாக அமைந்த மெகட்ரானிக் யூனிட்டுகளுக்கும் இதே பேச்சுதான். ஹைபிரிட் வண்டியில் உயர் வோல்டேஜ் போகும் ஆரஞ்சு நிற வயர் தெரியும் பக்கம் கையே வைக்கக் கூடாது. பழைய டிசியூவை வாங்கி மாட்டுவதானால் பாக எண்ணும் மென்பொருள் எண்ணும் ஒத்திருக்கிறதா, உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணோடு அதைக் கோடிங் செய்ய முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சில டிசியூக்கள் ஒரு வண்டியோடு பூட்டப்பட்டவை, இன்னொன்றில் போட்டால் ஸ்டார்ட்டே ஆகவிடாது.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்து, ஆயில் அளவை உற்பத்தியாளர் சொன்ன சூட்டில் சரிபார்த்து, ஸ்கேனரில் அடாப்டேஷனை, அதாவது டிசியூ ஓட்டத்தில் கற்று வைத்ததை, அழிக்கும் வசதி இருந்தால் சோலினாய்டு அல்லது டிசியூவை மாற்றிய வண்டிக்கு மட்டும் ரீசெட் செய்யுங்கள். வயரை மட்டும் சரிசெய்தவருக்கு அது தேவையில்லை; கற்று வைத்ததைத் தேவையின்றி அழித்தால் சில நாள் கியர் முரட்டுத்தனமாக விழும். பிறகு ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே ஆயில் சூடு, அதே கியர், அதே வேகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், முன்பு பதிவு செய்த அதே ஐந்து வரிகளை மறுபடி பதிவு செய்து பழையதோடு ஒப்பிடுங்கள். பழைய வரைபடத்தில் 0-க்கு விழுந்த இடத்தில் புதியதில் வரைபடக் கோடு அறுபடாமல் ஓட வேண்டும். சூடேறிய நிலையிலும், மேடு பள்ளத்திலும், ஈரத்தில் வந்த கோளாறு என்றால் தண்ணீர் தூவிய பிறகும்.